ஹார்ட் டிஸ்க் சத்தத்துக்கு மூடியைத் திறக்கும் கடை: முந்நூறு ரூபாயில் நான் இழந்தது

போன வாரம் தெரிந்த ஒருவர் போன் செய்து, "உங்க ஏரியாவுல ஒரு கடையில ஹார்ட் டிஸ்க் சத்தத்தைக் குறைச்சுத் தர்றாங்களாமே, நல்லாப் பண்றாங்களா?" என்று கேட்டார். நான் போன அதே கடைதான். டிஸ்க்கை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமே போகாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். ஒருவருக்குப் போனில் சொன்னால் போதாது என்று தோன்றியதால் இங்கே முழுசாக எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. இது அந்த ஒரு கடையின் பழக்கம் மட்டும் இல்லை, மதுரையில் நான் விசாரித்த மூன்று கடைகளில் இரண்டில் "திறந்து பாத்துரலாம்க்கா" என்றுதான் சொன்னார்கள். யார் அப்படிச் சொன்னாலும் டிஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

நான் வீட்டிலிருந்தே குரல் பதிவு செய்கிறவள். பாடப் புத்தகங்கள் வாசிப்பேன், பார்வையில்லாத பிள்ளைகளுக்காகக் கதைகள் வாசிப்பேன். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் தெரு அடங்கியதும் ஃபேனை நிறுத்தி, ஃபிரிட்ஜ் சுவிட்சை அணைத்து, ஜன்னலில் கனமான ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் கடைசியில் மிச்சம் இருப்பது கம்ப்யூட்டர் போடுகிற சத்தம் ஒன்றுதான். அதிலும் உள்ளே கரண்ட் பிரித்துக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டியின் ஃபேனைவிட என்னை வதைத்தது உள்ளே இருந்த 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க். மேஜை மேல் டபராவில் காபி டம்ளரை வைத்தால் அது டபராவோடு உரசிக் கிர்ர்ர் என்று அதிரும், விரலால் தொட்டால் நிற்கும், எடுத்தால் மறுபடி அதிரும். அவ்வளவு அதிர்வு கம்ப்யூட்டரின் தகர டப்பா வழியாக மேஜைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

முதலில் கரண்ட் லைனிலிருந்து வரும் இரைச்சல் என்றுதான் நினைத்தேன். பதிவை எடிட்டரில் போட்டு அலைவரிசைப் படத்தைப் பார்த்தபோது தெளிவானது. நம் ஊர் கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதன் இரைச்சல் 50லும் 100லும் கோடு போடும். என் பதிவில் தடித்த கோடு 120ல் இருந்தது. டிஸ்க் நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றுகிறது, அதாவது நொடிக்கு 120 சுற்று. ஆக, அது டிஸ்க்கேதான். அந்த 120ஐ மட்டும் வெட்டிவிடலாம் என்றால் அதன் இரட்டிப்பான 240லும் ஒரு கோடு இருந்தது, என் குரலே அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதை வெட்டினால் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடும்.

சரி, மூலத்திலேயே சத்தத்தைக் குறைக்கலாம் என்று கடைக்குப் போனேன். டிஸ்க் அப்போது நல்ல ஆரோக்கியமாக இருந்தது, ஒரு எரர் கிடையாது. இதை நினைத்தால்தான் இன்னும் வலிக்கிறது. நோய் இல்லாத ஒன்றை நானே ஆபரேஷன் டேபிளில் படுக்க வைத்தேன்.

கடையில் இருந்த தம்பிக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். நல்ல பையன், ஏமாற்ற நினைக்கிற முகமே இல்லை. டிஸ்க்கை ஓட விட்டுக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "அக்கா, உள்ள பேரிங் காஞ்சு போயிருக்கும். ரெண்டு சொட்டு ஆயில் விட்டா அடங்கிரும். முந்நூறு ரூவாதான்" என்றான். உள்ளே இருக்கிற டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டேன். "அதெல்லாம் தட்டுல இருக்குக்கா, தட்டைத் தொட மாட்டேன்" என்றான்.

நட்சத்திர வடிவத் தலையுள்ள திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். எல்லாம் கழற்றியும் மூடி வரவில்லை. லேபிளின் மேல் கட்டை விரலால் அழுத்தித் தடவி, ஒரு இடத்தில் குழிந்ததும் பிளேடால் லேபிளைக் கீறினான், அடியில் இன்னொரு திருகு ஒளிந்திருந்தது. அதையும் கழற்றி, பிளேடு முனையால் மூடியை நெம்பினான். ரப்பர் ஒட்டு பிரிகிற சத்தம் கேட்டது. உள்ளே தட்டு கண்ணாடியைவிடப் பளபளப்பாக இருந்தது, தலைக்கு மேல் சுற்றிய சீலிங் ஃபேனின் இறக்கைகள் அதில் தெரிந்தன. அந்தத் தம்பி குனிந்து அதன் மேல் இரண்டு தடவை ஊதினான். தட்டில் ஒரு வெள்ளை ஆவிப்படலம் படர்ந்து, ஓரத்திலிருந்து சுருங்கி, காணாமல் போனது. இதை நான் அரை அடி தூரத்திலிருந்து பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்கு அது சுத்தம் செய்கிற வேலையாகத்தான் தெரிந்தது.

எண்ணெய் விட இடமே இல்லை என்று பார்த்ததும் அவன் விடவில்லை. அந்த மட்டுக்கும் நல்லது. மூடியைத் திரும்பப் போட்டு, திருகுகளை இறுக்கமாக முடுக்கி, "வைப்ரேஷன் வராம இருக்க" என்று மூடி முழுக்க இரட்டை ஒட்டு டேப் வைத்து ஸ்பான்ஜ் ஒட்டிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து மாட்டினேன். ஓடியது. ஃபைல்கள் எல்லாம் திறந்தன. ஸ்பான்ஜ் புண்ணியத்தில் சத்தமும் கொஞ்சம் குறைந்திருந்தது. நாலு நாள் சந்தோஷமாக வேலை செய்தேன், அந்தக் கடையை இரண்டு பேருக்குப் பரிந்துரைகூட செய்தேன். திறந்த டிஸ்க் உடனே சாவதில்லை என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. மூடியே இல்லாமல் டிஸ்க் ஓடுகிற வீடியோக்கள் எத்தனையோ இருக்கின்றன, அவை பொய்யும் இல்லை. ஆனால் ஓடுகிற அந்தச் சில மணி நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் நம்புகிறோம்.

ஐந்தாம் நாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் டக்... டக்... டக்... என்று கடிகாரம் போல ஒரு சத்தம். ஏழெட்டுத் தடவை அடித்துவிட்டு மோட்டார் நின்றது. மறுபடி தானாகச் சுற்றி மறுபடி டக் டக். நான் பதறிப்போய் மூன்று தடவை ஆஃப் செய்து ஆன் செய்தேன். அதைச் செய்திருக்கவே கூடாது என்று பிற்பாடு டேட்டாவை மீட்டுத் தருகிற (ரெக்கவரி) லேபில் சொன்னார்கள். அந்தச் சத்தம் எதற்கு வருகிறதென்றால், தட்டில் தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள ஹெட், அதாவது தட்டைப் படிக்கிற சின்ன முனை, சில குறிகளைப் படிக்க வேண்டும், அவற்றைப் படிக்க முடியாதபோது அதைத் தாங்கும் கை ஒரு கோடிக்குப் போய் முட்டிவிட்டுத் திரும்பி வந்து மறுபடி முயல்கிறது. ஒவ்வொரு முட்டலிலும் கெட்டுப்போன ஹெட் தட்டின் குறுக்கே போய் வருகிறது. ஆகவே அந்தச் சத்தம் வந்தால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, பிளக்கைப் பிடுங்குவது.

அதில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். என் தொழில் பதிவுகளில் பாதிக்கு மேல் வாங்கியவர்களிடம் பிரதி இருந்தது, அது பரவாயில்லை. ஆனால் மேலூர்ப் பக்கம் இருக்கிற என் பெரியம்மா பாடிய நடவுப் பாட்டுகளும், அவர் வயதுப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து பாடிய கும்மியும், தாலாட்டும் அதில்தான் இருந்தன. மூன்று கோடை விடுமுறைகளில் போய் எடுத்தது. அவர்களில் இரண்டு பேர் இப்போது இல்லை. வேறு எங்கும் பிரதி எடுத்து வைக்கவில்லை. அது முழுக்க என் தப்பு, கடைமேல் போட முடியாது.

இனி லேப். மதுரையில் ஒருவர் நேர்மையாக, "திறந்த டிஸ்க்கை நான் தொட மாட்டேன், சென்னைக்குக் கொண்டு போங்க" என்று சொல்லி அனுப்பினார். டிஸ்க்கை அதற்கான பையில் போட்டு, ஸ்பான்ஜ் சுற்றி, வைகை எக்ஸ்பிரஸில் எழும்பூர் வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். அந்த லேபின் பெயரையும் போடவில்லை. காரணம், அவர்களைப் பற்றிச் சொல்ல நல்லதும் இருக்கிறது, குறையும் இருக்கிறது. ரெக்கவரிக்குப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

முதல் நல்ல விஷயம், உள்ளே போனதும் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கவில்லை. இன்ஜினியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கீறிய லேபிளைக் கண்டதும், "அம்மா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. எங்க வச்சுத் திறந்தாங்க? எவ்வளவு நேரம் திறந்திருந்துச்சு? அதுக்கப்புறம் எத்தனை நாள் ஓடுச்சு?" என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், ஊதியதையும் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, எழுதிக்கொண்டார். ரெக்கவரிக்குப் போகிறவர்கள் நடந்ததை மறைக்காதீர்கள். திறந்த டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்கும் முன் தட்டைச் சுத்தம் செய்ய வேண்டும், திறக்காததற்கு அது தேவையில்லை. நீங்கள் சொல்கிற பொய் அந்த முடிவையே மாற்றிவிடும்.

அப்புறம் அவர் ஒரு செத்த டிஸ்க்கை மேஜையில் வைத்து எனக்குப் பொறுமையாக விளக்கினார். டிஸ்க் சுற்றும்போது ஹெட் தட்டைத் தொடுவதில்லை, தட்டோடு சேர்ந்து சுழலும் காற்றின் மேல் மிதக்கிறது. அந்த இடைவெளி பத்து நானோமீட்டருக்கும் கீழே. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். ஊதுபத்திப் புகையின் துகள்கூட அந்த இடைவெளியைவிடப் பல மடங்கு பெரியது. மூன்றரை அங்குல டிஸ்க்கின் தட்டு விளிம்பு, 7200 சுற்றில், மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி ஓடுகிறது. இந்த வேகத்தில் ஒரு தூசி வந்து ஹெட்டில் மோதினால் ஹெட் துள்ளி விழுந்து தட்டை உரசும். உரசிய இடத்திலிருந்து பொடி கிளம்பும். அந்தப் பொடி உள்ளேயே சுற்றி இன்னும் உரசலை உண்டாக்கும். நாலு நாள் என்பது அந்தப் பொடி பெருகுவதற்கு எடுத்துக்கொண்ட நேரம்.

"ஊதினது?" என்று கேட்டேன். வாய்க்காற்றில் ஈரமும் எச்சில் துளியும் இருக்கிறது, ஈரம் காய்ந்தாலும் எச்சிலில் இருப்பது தட்டில் கறையாகத் தங்கும் என்றார். தட்டின் மேலே கடினமான கார்பன் பூச்சு, அதற்கும் மேலே ஒரு நானோமீட்டர் கணக்கில் மசகுப் படலம். கறைக்கு அங்கே இடமே கிடையாது.

இன்னொன்றும் சொன்னார், அது எனக்குப் புதுசு. பல மாடல்களில் மூடி என்பது வெறும் மூடி இல்லை. லேபிளுக்கு அடியில் ஒளிந்திருந்ததே ஒரு திருகு, அது ஹெட்டைத் தாங்கும் கையின் அச்சை மேலிருந்து பிடித்துக்கொண்டிருப்பது. தொழிற்சாலையில் அளவு வைத்து முடுக்கியது. அதைக் கழற்றி, கைப் பலத்துக்கு இறுக்கினால் கை ஒரு துளி சாய்ந்துவிடும். தூசியே இல்லாத இடத்தில் திறந்திருந்தாலும் அந்தச் சாய்வு ஒன்றே சில டிஸ்க்குகளைப் படிக்க முடியாமல் ஆக்கிவிடுமாம். ஸ்பான்ஜ் ஒட்டியதிலும் ஒரு தப்பு இருந்தது. டிஸ்க்கின் மேல் ஒரு சின்னத் துளையும், பக்கத்திலேயே இதை மூடாதீர்கள் என்று ஆங்கிலத்தில் எழுத்தும் இருக்கும். வெளிக் காற்றழுத்தத்துக்கு ஏற்ப உள் அழுத்தம் சமமாவதற்கான வழி அது, உள்ளே அதற்கு வடிகட்டி உண்டு. அந்தத் தம்பி அதன் மேலேயே டேப்பை ஒட்டியிருந்தான்.

அவர்கள் திறக்கிற இடத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க விட்டார்கள். அறை முழுக்க இல்லை, ஒரு பெரிய அலமாரி மாதிரி இருக்கிற மேடை, அதற்குள் வடிகட்டிய காற்று ஒரே திசையில் வீசிக்கொண்டே இருக்கும். ஐஎஸ்ஓ 5ஆம் வகுப்புச் சுத்தம் என்று எழுதியிருந்தது. அந்த வகுப்பின் கணக்குப்படி ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520ஐத் தாண்டக் கூடாது. அதே தர வரிசையில் கடைசியான 9ஆம் வகுப்பு, அதாவது கிட்டத்தட்ட நம் வீட்டுக் கூடம் மாதிரியான காற்றில், 3 கோடியே 52 லட்சம் வரை இருக்கலாம். நான் திறக்கவிட்ட இடமோ தெருவைப் பார்த்த கடை, மேலே ஃபேன், வாசலில் ஷேர் ஆட்டோக்கள்.

மூன்றாம் நாள் மைக்ரோஸ்கோப்பில் எடுத்த படத்தை அனுப்பினார்கள். மேல் தட்டின் மேல்முகத்தில், விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே, முடி அகலத்துக்கு ஒரு வளையம். அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பொடி. இரண்டு தட்டு, நாலு முகம், நாலு ஹெட். அதில் ஒரு முகம் போய்விட்டது, மற்ற மூன்றும் பிழைக்கலாம் என்றார்கள்.

ஹெட்டை மாற்ற அதே மாடலில் இன்னொரு டிஸ்க் வேண்டும், அதன் ஹெட்டைக் கழற்றி இதில் போட வேண்டும். மாடல் எண் ஒன்றானால் மட்டும் போதாது, தயாரித்த தேதி, தொழிற்சாலை, லேபிளில் உள்ள மற்ற குறியீடுகள் எல்லாம் நெருக்கமாக இருக்க வேண்டும். அவர்களிடம் இருப்பு இல்லை. நீங்களே தேடினால் சீக்கிரம் கிடைக்கும் என்றதால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நாள் முழுக்க அலைந்தேன். பழைய டிஸ்க்குகளைக் கூடையில் செங்கல் மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு லேபிளாகப் போன் டார்ச்சில் படித்து, போட்டோ எடுத்து, லேபுக்கு அனுப்பி, இல்லை, இல்லை, இதுவும் இல்லை என்று பதில் வந்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஒரு கடையில் கிடைத்தது. 1,800 ரூபாய் கேட்டார்கள். பேரம் பேசாமல் கொடுத்தேன்.

மொத்தச் செலவு 31,000 ரூபாய், அந்த 1,800 தனி. திறக்காமல் இதே பழுதோடு வந்திருந்தால் கிட்டத்தட்ட பாதிதான் ஆகியிருக்கும் என்று அவர்களே சொன்னார்கள். லேபின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரம் என்று சொன்ன வேலைக்கு ஐந்து வாரம் ஆனது. நடுவில் பத்து நாள் போனை எடுக்கவே இல்லை, அந்தப் பத்து நாளும் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. உதிரி டிஸ்க்குக்குத் தனியாகக் காசு என்பதை முதலிலேயே எழுத்தில் கொடுக்கவில்லை. ஆனால் வேலை சுத்தம். எந்த ஃபைல் முழுசு, எது பாதி என்று பட்டியல் கொடுத்து, நான் என் கண்ணால் திறந்து பார்த்த பிறகுதான் பாக்கிப் பணத்தை வாங்கினார்கள். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்தச் சந்துக் கடைக்கு எதுவும் கொடுப்பதற்கில்லை.

திரும்பக் கிடைத்ததைப் பற்றி. நாலில் ஒரு முகம் போனால் நாலில் ஒரு பங்கு ஃபைல் போகும், மீதி முழுசாக வரும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. டிஸ்க் ஒரு முகத்தில் கொஞ்ச தூரம் எழுதிவிட்டு அடுத்த முகத்துக்குத் தாவும், அப்புறம் அடுத்தது, பிறகு மறுபடி முதல் முகம். அதனால் சின்ன ஃபைல்கள் பெரும்பாலும் பிழைத்துவிட்டன, பெரிய ஃபைல் ஒவ்வொன்றிலும் நடுநடுவே ஓட்டை. நான் பெரியம்மா பாட்டுகளை நல்ல தரத்தில் எடுக்க வேண்டும் என்று ஸ்டீரியோ வேவ் ஃபைலாக, நிறுத்தாமல் மணிக்கணக்கில் பதிந்திருந்தேன். நிமிடத்துக்கு 17 மெகாபைட்டுக்கு மேல் போகும், ஒரு மணி நேரம் என்றால் ஒரு ஜிகாபைட். இப்போது அவற்றைப் போட்டுக் கேட்டால் பெரியம்மா நாற்றுக் கட்டைத் தூக்கிப் போடச் சொல்லிப் பாடிக்கொண்டே வருவார், மற்றவர்கள் பின்பாட்டு எடுக்கப் போகிற இடத்தில் சட்டென்று ஒன்றுமே இல்லாமல் போகும். ஐந்து நிமிடம், ஆறு நிமிடம் நீளும் முழு நிசப்தம். பிறகு பாதிச் சொல்லில் மறுபடி குரல் வரும். முதல் தடவை கேட்டபோது ஸ்பீக்கர் ஒயர் கழன்றுவிட்டதோ என்று எழுந்து போய்ப் பார்த்தேன்.

ஊருக்குத் திரும்பியதும் அந்த மைக்ரோஸ்கோப் படத்தைக் கடைக்குக் கொண்டு போனேன். முதலாளி, "நாங்க கேரண்டி எதுவும் குடுக்கலையே" என்று முந்நூறு ரூபாயை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை. அந்தத் தம்பி மட்டும் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு தூசி எனக்குத் தெரியவே இல்லக்கா" என்றான். தன் போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டான். அவன் சொன்னது நிஜம், அந்தத் தூசி கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய் விடுகிற யோசனையும் அவன் சொந்தமாகக் கண்டுபிடித்தது இல்லை, பழைய ஆட்கள் சொல்லிக் கேட்டது. டிஸ்க் மோட்டாரில் குண்டு பேரிங் இருந்த காலத்தில் அது தேய்ந்து கீச்சென்று கத்துவது உண்டு. 2001இல் சீகேட் கம்பெனியின் பாரகுடா ஏடிஏ 4 என்ற டிஸ்க் வந்தபோது அதன் திரவ பேரிங்குக்காகவே அதன் அமைதியைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், அதற்கப்புறம் சில வருஷங்களில் மற்ற டிஸ்க்குகளும் திரவத்துக்கு மாறிவிட்டன. அந்த மசகு தொழிற்சாலையில் அடைத்து மூடியது. அதற்கு மேலிருந்து எண்ணெய் விடுவது என்பதே கிடையாது, விட்டால் தட்டில்தான் தெறிக்கும்.

பெரிய கொள்ளளவு டிஸ்க் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2013இல் எச்ஜிஎஸ்டி என்ற டிஸ்க் கம்பெனி 6 டெராபைட் டிஸ்க்கை ஹீலியம் அடைத்து விற்கத் தொடங்கியது. இப்போது வருகிற பெரிய டிஸ்க்குகள் பலவும் அந்த வகைதான். ஹீலியத்தின் அடர்த்தி காற்றில் ஏழில் ஒரு பங்கு, அதை நம்பித்தான் உள்ளே அத்தனை தட்டுகளை நெருக்கி வைத்திருக்கிறார்கள். மூடியைக் கீறினால் வாயு போய்விடும், அதைத் திரும்ப நிரப்ப எந்தக் கடைக்காரராலும் முடியாது. வாரண்டியும் அந்த நிமிடமே போகும், அது எல்லா டிஸ்க்குக்கும்தான்.

சரி, சத்தத்துக்கு என்னதான் செய்வது? நான் அப்புறம் செய்தது எல்லாமே டிஸ்க்குக்கு வெளியில். முதலில் எந்தச் சத்தம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரே சீராக ஊம் என்று வருவது பெரும்பாலும் டிஸ்க்கின் சத்தம் இல்லை, அதன் அதிர்வை வாங்கித் தகர டப்பா பாடுவது. கம்ப்யூட்டர் ஓடும்போது டப்பாவின் பக்கப் பலகையை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், சத்தம் குறைந்தால் அதுதான். (டிஸ்க்கை ஓடும்போது கையில் தூக்கிப் பார்க்காதீர்கள், அது வேறு வகைச் சாவு.) இதற்கு ரப்பர் வாஷர் வைத்துத் திருகினாலே பாதி அடங்கும். நான் அதற்கும் மேலே போய், தையல் கடைச் சாமான் விற்கிற இடத்தில் ஒரு அங்குல அகல எலாஸ்டிக் இரண்டு மீட்டர் நாற்பது ரூபாய்க்கு வாங்கி, சிடி டிரைவ் வைக்கிற காலி இடத்தில் குறுக்கே ஊஞ்சல் மாதிரி கட்டி, டிஸ்க்கை அதில் படுக்க வைத்தேன். உலோகம் எங்கேயும் உலோகத்தைத் தொடாது. டபரா அதிர்வது அன்றே நின்றுவிட்டது. நாற்பது ரூபாய். இதைத் திறப்பதற்கு முன்னால் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். எலாஸ்டிக் கட்டினால் ஃபேன் காற்று டிஸ்க்கின் மேல் படும்படி பாருங்கள், ஒயர் இழுபடாமல் தளர்வாக விடுங்கள், கம்ப்யூட்டரை இடம் மாற்றும்போது டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள், வருஷத்துக்கு ஒரு முறை எலாஸ்டிக் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். துணியிலோ ஸ்பான்ஜிலோ முழுசாகச் சுற்றி வைக்காதீர்கள், சூடு ஏறும்.

கரகர, தடதட என்று வேலை செய்யும்போது மட்டும் வருவது ஹெட் நகரும் சத்தம், அது இயல்பானது. பழைய டிஸ்க்குகள் பலவற்றில் அதை மென்மையாக்க ஒரு அமைப்பு உண்டு. லினக்ஸில் எச்டிபார்ம் என்ற கட்டளையில் 128 என்று கொடுத்தால் அமைதி, 254 என்றால் வேகம். புது டிஸ்க்குகளில் பெரும்பாலும் அது இல்லை. வெஸ்டர்ன் டிஜிட்டலின் பெரிய டிஸ்க்குகள் சிலவற்றில் சும்மா இருக்கும்போதும் ஐந்து நொடிக்கு ஒரு தடவை மெல்லிய தட்டல் வரும், ஹெட் ஒரே இடத்தில் நிற்காமல் இருக்க அதுவே செய்துகொள்வது, பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது, நேற்று வரை இல்லாமல் இன்று வந்த சத்தம். அதிலும் சுரண்டுகிற மாதிரி ஒன்று வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். சுரண்டலோ டக் டக்கோ இல்லாமல் சத்தம் மாறியிருந்தால் மட்டும் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டுகிற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மாதிரி ஒரு மென்பொருளைப் போட்டு 05, சி5 என்ற இரண்டு வரிகளில் கெட்டுப்போன இடங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். பூஜ்யமாக இல்லாவிட்டால் முக்கியமானதை முதலில் வெளியே எடுங்கள், சத்தத்தை அப்புறம் பார்க்கலாம்.

அதிர்வு டிஸ்க்கிலிருந்து வெளியே போவது போல வெளியிலிருந்து உள்ளேயும் வரும், அதனால் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் டிஸ்க்கை வைக்காமல் இருப்பதும் நல்லது. 2016இல் ருமேனியாவின் புகாரெஸ்டில் ஐஎன்ஜி வங்கியின் டேட்டா சென்டரில் தீயணைப்பு வாயுவைத் திறந்து சோதனை செய்தபோது வாயு வெளியேறிய பேரிரைச்சலாலேயே டிஸ்க்குகள் கெட்டு, வங்கிச் சேவை பல மணி நேரம் நின்றது.

இப்போது என் பதிவுக் கம்ப்யூட்டரில் சுற்றுகிற டிஸ்க்கே கிடையாது, 500 ஜிபி எஸ்எஸ்டி மட்டும். ஊஞ்சலில் கட்டிய புது ஹார்ட் டிஸ்க் பழைய கம்ப்யூட்டரில் பின்கட்டு அறையில் இருக்கிறது, முப்பதடி நெட்வொர்க் ஒயர் வழியாக ராத்திரி பதிவு முடிந்ததும் ஃபைல்கள் அங்கே போகும். இன்னொரு பிரதி வெளியே கழற்றி வைக்கிற டிஸ்க்கில், அது தங்கை வீட்டில். ராத்திரி மைக்கைப் போட்டால் என் மூச்சுச் சத்தம்தான் பெரிசாகக் கேட்கிறது.

பெரியம்மாவுக்கு இந்த ஆவணியில் எண்பத்தொன்று. போனில் அந்த ஓட்டைகளைப் பற்றிச் சொன்னேன். எந்தெந்தப் பாட்டில் எந்த இடம் என்று வரிசையாக எழுதி எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார், அவருக்கு நினைவில் இருப்பதைப் பாடித் தருவதாக. பதினேழு இடம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறிவிடுவேன்.